சிக்கிய கொக்கி

கேள்வி: மடக்குக் கத்தியை ஒரே கையால் திறக்க வழி கண்ட புண்ணியவான் யார்?

பதில்: ஒருவரா, இருவரா! 1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் ‘வொர்க்கர்’ கத்தியின் அலகில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டது. கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் போதும், திறந்துகொள்ளும். அதுவரை நகத்தைப் பலிகொடுத்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். (ஓட்டைக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள். என் சட்டைப்பையில் இருப்பதற்கு நான் வாங்கத் தவறிவிட்டேன்.)

எனக்குப் பிடித்தவர் கத்தி வடிவமைப்பாளர் எர்னஸ்ட் எமர்சன்தான். எதிராளியின் கத்தியை மடக்கிப் பிடிக்க அலகின் முதுகில் ஒரு கொக்கி வைத்தார். அது பேன்ட் பாக்கெட்டின் ஓரத்தில் சிக்கி, உருவும்போதே கத்தியைத் திறந்துவிட்டது! கத்தி புகழ் பெற்றது. பாக்கெட் ஓரம்தான் நைந்துபோகிறது. எதிராளியைவிடத் தையல்காரரைத்தான் அதிகம் தேட வேண்டியிருக்கும்.