கார்ட்லெஸ் வாங்கும் பெரியவர்

வீட்டுக்குக் கார்ட்லெஸ் போன் வாங்கப் புறப்படுபவர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். வேலைக் காலத்தில் டெண்டர் பிரித்துக் கொட்டேஷன் ஒப்பிட்ட பழக்கம் உள்ளவராக இருந்தால் குணம் இன்னும் முற்றியிருக்கும். வீட்டில் ஆளுக்கொரு செல்போன் உண்டு. இருந்தாலும் லேண்ட்லைனைச் சரண்டர் செய்ய மாட்டார். 1980களில் பணம் கட்டிப் பதிவு செய்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய நம்பர் அது. மகள் கல்யாணப் பத்திரிகையில் அச்சானது. செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தபோதும், மோடத்தின் முதுகில் அதே நம்பரை மாட்டிக்கொடுத்த பிறகுதான் லைன்மேனுக்குக் காப்பி கிடைத்தது.

தேவை எழுவது மனைவியின் முழங்காலில். ஹாலில் மணி அடித்து அவர் அடுப்படியிலிருந்து வந்து சேர்வதற்குள் நின்றுவிடுகிறது. “ஏதாவது ஒரு கார்ட்லெஸ் வாங்கிப் போடுங்களேன்” என்கிறார். இதில் ‘ஏதாவது ஒரு’ மட்டும் இவர் காதில் விழுவதில்லை. மறுநாள் காலை கோடு போட்ட நோட்டு ஒன்று திறக்கப்படுகிறது.

நோட்டின் முதல் பக்கத்தில் வரலாறு. பழைய அனலாக் கார்ட்லெஸ் இவர் வீட்டிலேயே ஒரு காலத்தில் இருந்தது. கரகரவென்று இரையும், நடுநடுவே பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் விவகாரமும் கேட்கும். அந்த செட் பழுதானதில் மனைவிக்கு இன்றும் வருத்தம் உண்டு. பின்னால் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையோடு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் முட்டிக்கொண்டன. இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டெக்ட். ஐரோப்பாவில் 1990களின் தொடக்கத்தில் வகுத்த டிஜிட்டல் முறை இது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டையில் இயங்குகிறது. அந்தப் பட்டையில் பத்து அலைகள், ஒவ்வொன்றிலும் 12 பேச்சுக்கு இடம், ஆக 120 தடங்கள். எது சுத்தமாக இருக்கிறதோ அதை செட்டே தேடி எடுத்துக்கொள்கிறது. வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதிலும் ஒருவர் போனில் பேசுவதே இல்லை. ஆனாலும் 120 என்பது இவருக்குப் பெரிய நிம்மதி.

இந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து மைத்துனர் பையன் ‘டெக்ட் 6.0’ என்று எழுதிய செட் ஒன்றைக் கொண்டுவந்து குட்டையைக் குழப்புவதுண்டு. 2.4ஐ விட 6 பெரிது என்று இவர் நோட்டில் அடிக்கோடு போடுகிறார். அந்த 6.0 வெறும் வியாபாரப் பெயர். அது இயங்கும் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை இங்கே செல்போன்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த செட்டை வீட்டில் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தவும் நேர்வதில்லை. 120 வோல்ட் அடாப்டரை 230 வோல்ட் பிளக்கில் சொருகியதுமே விஷயம் புகையோடு முடிந்துவிடுகிறது.

அடுத்த கட்டம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. கடைப் பையன் மூன்று பெட்டிகளை எடுத்து வைக்கிறான். இவர் உடனே, இதே டெக்ட்டை அடிப்படையாக வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கியதைச் சொல்கிறார். செய்தி உண்மைதான். “சார், கலர் என்ன வேணும்?” என்கிறான் பையன்.

குரல் தெளிவுச் சோதனை இதற்குப் பின். கடையில் லைன் கிடையாது. உயிரில்லாத ரிசீவரைக் காதில் வைத்து, கண்ணை மூடி, “ஹலோ” என்கிறார். மூன்று செட்டுக்கும் மூன்று ஹலோ. மூன்றாவதில் கொஞ்சம் கனமாக ஒலித்ததாக அபிப்பிராயம் சொல்கிறார். சாதாரணத் தொலைபேசி இணைப்பு மனிதக் குரலில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டுமே கடத்தும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்கு மேல் தெளிவு வராது. செம்புக் கம்பி வீடுகளில் இரைச்சலுக்குக் காரணம் அநேகமாகத் துருப்பிடித்த ஜங்ஷன் பாக்ஸ், அல்லது பிராட்பேண்டுக்கு ஸ்ப்ளிட்டர் போடாதது. பழைய கம்பி போனை அதே சாக்கெட்டில் மாட்டிக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இவருக்கும் இது தெரியும். ஆனால் குற்றம் லைனில் என்று ஆகிவிட்டால் வாங்குவதற்கு என்ன இருக்கிறது?

தூரம் பற்றிய விசாரணை இன்னும் நீளம். பெட்டியில் 300 மீட்டர் என்றிருப்பது வெட்டவெளிக் கணக்கு. சுவருக்குள் 50 மீட்டர் கிடைத்தால் நல்லது. ஹாலிலிருந்து அடுப்படி எட்டு எட்டு. இருந்தும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை எடுக்குமா, தெருமுனை இஸ்திரிக்காரர் வரை எடுக்குமா என்று கேட்டு வைக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பேஸை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்து, எல்லாத் தூரத்தையும் தாமே குறைத்துவிடுகிறார்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி பேட்டரி. ரிசீவருக்குள் சாதாரண ட்ரிபிள் ஏ அளவிலான, சார்ஜ் ஏறக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இரண்டு இருந்தால் எந்தக் கடையிலும் மாற்று வாங்கலாம். கம்பி வைத்த தனி பேக் என்றால், பேட்டரி தளர்ந்தபின் அதைத் தேடி ஊர் சுற்ற வேண்டும். மலிவு என்பது உண்மையில் இங்கேதான் தீர்மானமாகிறது. இவர் அதைக் கேட்பதில்லை. பின்னால் டார்ச் செல்லைப் போட்டு சார்ஜில் வைக்கிறார். அது சார்ஜ் ஏற்றக் கூடாத செல், சூடேறி ஒழுகும், வெடிக்கவும் கூடும் என்று மனைவி பெட்டியிலிருந்த காகிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரண்ட் இன்னொரு சங்கதி. பழைய கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்ததால் ஊரே இருண்டாலும் மணி அடிக்கும். கார்ட்லெஸ் பேஸ் மின்சாரம் போனால் செத்தது. ஃபைபர் வீட்டில் மோடமும் சேர்ந்து படுக்கும். அதற்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வேண்டும். யு.பி.எஸ்.ஸுக்குத் தனி நோட்டு.

வாங்கிய முதல் வாரத்திலேயே ரிசீவர் காணாமல் போகும். பேஸில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ரிசீவர் இருக்கும் இடத்திலிருந்து கூவும். புளி ஜாடிக்குப் பின்னால், துணிக்கூடையில், ஒருமுறை ஃபிரிட்ஜுக்குள் கறிவேப்பிலையோடு. சார்ஜ் இறங்கிவிட்டால் அதுவும் கூவாது. மனைவி மதுரை அக்காவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கிடைத்த இடத்தில் வைப்பதுதான் காரணம் என்று இவர் கண்டுபிடிக்கிறார். வாங்கிய நோக்கமே அதுதான் என்பது நோட்டில் எங்கும் எழுதப்படவில்லை.

ஆராய்ச்சி அத்தோடு நிற்பதுமில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடையில் நுழைந்து அதே மாடலின் விலையைக் கேட்டுக்கொண்டு வருகிறார். ஏறியிருந்தால் படியேறும்போதே மனைவியைக் கூப்பிட்டுச் சொல்கிறார். இறங்கியிருந்தால் அன்று கடைப்பக்கமே போகவில்லை.