விற்கப் போகிற அண்ணன்

கார் விற்றவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விற்றார்கள், எண்ணி வாங்கினார்கள், இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். எழுத வேண்டியவர் ‘விற்கப் போகிறவர்’. இவர் ஊருக்கு ஒருவர் உண்டு. நன்றாக முற்றிய வகையைப் பார்க்க வேண்டுமானால் கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூரில் இறங்கி, கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம், பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போக வேண்டும்.

அண்ணன் இறால் வியாபாரி. குப்பங்களில் சரக்கெடுத்து, கவுண்ட் வாரியாகப் பிரித்து, ஐஸ் போட்டுக் கம்பெனிக்கு ஏற்றிவிடுவார். சரக்குப் போவது ‘குட்டி யானை’யில். அண்ணன் சென்னைக்குப் போவது, எளாவூரில் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கும் ரயிலில். வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும் வெள்ளை அம்பாசடர் எங்கும் போவதில்லை. ஆனாலும் இன்ஷூரன்ஸ் கேட்கிறது, பேட்டரி கேட்கிறது, ஓடாமலே டயர் கேட்கிறது.

“இந்த மாசம் வித்துடறேன்” என்பார் அண்ணன். எந்த மாசம் என்று கேட்பது நாகரிகமல்ல.

வண்டி டீசல். சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் சூடேறும்வரை பிடித்திருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா ஏரிக்கு அந்தப் பக்கம்தான் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்குத் தலைகீழாக எண்ணச் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் சாவியைத் தொட்டதும் சுற்றி நின்று “பத்து, ஒம்பது, எட்டு” என்று ஆரம்பித்துவிடுவார்கள். பூஜ்யத்தில் புகை வரும். சத்தம் சில நாள் வரும்.

ஏன் விற்க வேண்டும் என்பதற்கு அண்ணனிடம் காரணங்கள் ஏராளம். கோடையில் ஏரி வற்றுகிறது. முகத்துவாரம் மணலடைத்தால் கடல்தண்ணீர் உள்ளே வராது, தண்ணீர் வராவிட்டால் இறாலும் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்குப் போகும் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், சரக்கே இருக்காது. ஆக வண்டியை விற்றுக் கடனை அடைக்க வேண்டியதுதான். இதை அண்ணன் சொல்லும்போது கேட்பவருக்கே கண் கலங்கும். மழை பிடித்து, ஆரணி ஆறும் காளங்கியும் ஏரிக்குள் தண்ணீர் கொண்டுவந்து, மறுபடி சரக்கு விழ ஆரம்பித்தால் காரணம் மாறும்: “சீசன் நேரத்துல போயி யாராவது வண்டிய விப்பாங்களா?”

ஏன் விற்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு, கொஞ்சம் கனமானது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல். அதற்கு முன்னால் நடுராத்திரியில் குப்பத்தில் வலியெடுத்தால் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வண்டிதான். எல்லாப் பிள்ளையும் பொன்னேரி வரை பொறுத்துக்கொள்ளவில்லை. இப்போது சிப்காட்டில் ஷிப்டு போகும் பையன் ஒருவனைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் பின்சீட்டைத் தட்டி, “டேய், நீ பொறந்த ஆஸ்பத்திரி இதுதாண்டா” என்பார். அவன் நண்பர்களோடு இருக்கும் சமயமாகப் பார்த்துத்தான் சொல்வார்.

அண்ணிக்கு இதிலெல்லாம் மயக்கமில்லை. “வண்டிய வித்து எந்தங்கத்த மீட்டுக் குடுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி கத பேசலாம்.”

வாங்க வந்தவர்கள் மூன்று வகை. முதல் வகை புரோக்கர். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார். அது விழுந்தது. வேறு இடத்தில் வைத்தார், அங்கும் விழுந்தது. உப்புக்காற்று தின்ற இடமெல்லாம் டிங்கர் வேலை பார்த்து அடைத்திருந்தது.

“அண்ணே, இதுல தகரம் எங்கண்ணே கீது? எல்லாம் பட்டியா கீது.”

“ஒங்காந்தத்துல பவர் இல்லப்பா.”

டிக்கியைத் திறந்ததும் புரோக்கர் இரண்டடி பின்வாங்கினார். குட்டி யானை வருவதற்கு முந்தைய இறாலின் வாசனை அது. எந்த ஷாம்பூவுக்கும் அசையாது.

இரண்டாவது, காயலான் கடைக்காரர். எடைபோட்டு விலை சொன்னார். அவர் போன திசையை அண்ணன் ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, சென்னையிலிருந்து வந்த ஐ.டி. இளைஞர். பழைய வண்டிகளைப் புதுப்பித்து வைத்துக்கொள்பவர், மெய்யாகவே விவரம் தெரிந்தவர். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த வடிவம் இது, 2014இல் மேற்கு வங்காளத்து உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றது, 2017இல் ‘அம்பாசடர்’ என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு பெஜோ கம்பெனி 80 கோடிக்கு வாங்கியது என்றெல்லாம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

“வெறும் பேருக்கே எண்பது கோடியா?” என்றார் அண்ணன். “எங்கிட்ட பேரோட வண்டியும் கீது. நாலு லட்சம் தரமாட்டியா?”

பிறகு, நம்ம ஜில்லாவிலேயே செய்த வண்டி, உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை என்று சேர்த்துக்கொண்டார். அம்பாசடர் செய்த கம்பெனிக்குத் திருவள்ளூரில் ஆலை இருந்தது வாஸ்தவம். அங்கே செய்தது மிட்சுபிஷி லேன்சர். இளைஞர் அதையும் அறிந்தவர், மரியாதைக்காகப் பேசாமலிருந்தார். விலையில் கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் போனைக் கையிலெடுத்தார். உண்மையான பணம் கண்ணில் பட்டதும் அண்ணனின் முகம் வெளுத்தது. கேள்விகள் தொடங்கின. வண்டியை எங்கே நிறுத்துவே? மேலே கூரை உண்டா? உன்னைத் தவிர யார் ஓட்டுவா? கல்யாணமாயிடுச்சா? வீட்டுல இருக்கறவங்களுக்கு வண்டி புடிக்குமா?

“ஷெட்ல நிப்பாட்டி, ஞாயித்துக்கெழம மட்டும் ஓட்டுவேண்ணே.”

“வாரத்துல ஆறு நாள் சும்மா நிக்குமா? பாவம்பா” என்று மறுத்துவிட்டார், ஏழு நாளும் சும்மா நிறுத்தியிருப்பவர்.

இதைப் பாசம் என்று ஊர் சொல்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. பாசம் உண்டு, அதற்கு அடியில் கணக்கு இருக்கிறது.

பழவேற்காட்டில் எந்தக் குப்பத்தார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்வார்கள். பாடு என்பார்கள். சண்டை வராமலிருக்கப் பெரியவர்கள் கண்ட ஏற்பாடு. அண்ணன் வாசலுக்கும் அப்படியொரு பாடு முறை உண்டு: இன்று ஐஸ் பேக்டரிக்காரர், நாளை சீட்டுக்கார அம்மா, அடுத்த நாள் முன்பணம் கொடுத்த கம்பெனி ஏஜெண்டு. ஒருவர் வரும் நாளில் இன்னொருவர் வருவதில்லை. அண்ணனுக்கு வரவேண்டிய பணமும் உண்டு. வலைக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், ஏரி மனசு வைத்தால் வரும். அதுவரை வந்தவர் எல்லாரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் பானெட்டில் கைவைத்து, “பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்கான், வண்டி போனதும் மொதல்ல ஒனக்குத்தான்” என்பார். அவர்களும் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

விற்றால் ஒரு கடன் அடையும். விற்கப் போவதாகச் சொன்னால் எல்லாக் கடனும் பொறுத்திருக்கும். வண்டி போய்விட்டால் மறுநாள் எதன்மேல் கைவைத்துப் பேசுவது? பேங்கில் நகை வைத்தால் வட்டி ஓடும். வாசலில் அம்பாசடர் வைத்தால் தவணை ஓடும். இதை அண்ணனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

போன வருஷம் வண்டியின் ஆர்.சி. காலாவதியானது. 15 வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். அதற்குமேல் பிரேக், லைட், பெயின்ட் செலவு. ஊரே முடிவு கட்டியது: இந்தத் தடவை அண்ணன் விற்றுத்தான் ஆகவேண்டும். அண்ணிகூட அடகுக்கடைச் சீட்டைத் தேடியெடுத்து வைத்துக்கொண்டார்.

அண்ணன் ஐஸ் பேக்டரிக்காரரிடம் போனார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். ஐஸ்காரர் கணக்கில் புலி; பேப்பர் கரெண்டில் இல்லாத வண்டி காயலான் கடை விலைக்குத்தான் போகும், அப்படிப் போனால் தன் பாக்கியில் பாதிகூட வராது என்பது அவருக்குப் புரிந்தது. முழுச் செலவையும் அவரே கொடுத்தார். நோட்டில் பழைய பாக்கிக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து அம்பாசடர் திரும்பிவந்த அன்று ஐஸ்காரர் வாசலிலேயே காத்திருந்தார்.

“பேப்பர் ரெடி. இனி வித்துடலாம்ல?”

“இன்னா அண்ணாத்தே வெளாடறியா?” என்றார் அண்ணன். “அஞ்சு வருசத்துக்குப் பேப்பர் கரெண்ட்ல கீது. இப்பப் போயி எவனாவது விப்பானா?”