புதுப் பாத்திரத்துக்குச் சீர் செய்தல்: ஓர் ஆய்வு

இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில், ஆடுபவர் படைத்துக்கொள்ளும் வீரரோ மந்திரவாதியோ நைந்த சட்டையும் மழுங்கிய வாளுமாக ஒன்றாம் லெவலில் பிறந்து, பன்றியும் ஓநாயும் கொன்று அனுபவப் புள்ளி சேர்த்து, படிப்படியாக உயர வேண்டும் என்பது பொது விதி. பின்னால் பிறக்கும் பாத்திரங்களும் அவ்வாறே அல்லற்பட வேண்டுமா, அல்லது சீர்வரிசையோடு அனுப்பி வைக்கப்படலாமா என்னும் வினாவில் ஆடுவோர் இரு கட்சியாக நிற்கின்றனர். பட்டபாடே தகுதி என்போரை உழைப்புக் கட்சியினர் என்றும், பட்டது போதும் என்போரைக் கொடைக் கட்சியினர் என்றும் இக்கட்டுரை வழங்கும். முதற்பாத்திரத்தை ஆடுகையில் உழைப்புக் கட்சியில் இருப்பவரே இரண்டாம் பாத்திரத்தைத் தொடங்குகையில் கொடைக் கட்சிக்கு வந்துவிடுகிறார் என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம், 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். அக்காலத்தில் உச்ச லெவல் 60. குதிரை முதலிய ஊர்திகள் 40ஆம் லெவலில்தான் கிட்டும், அதற்கும் 100 பொற்காசு அளவில் செலவாகும் என்பதால், பலர் 40 கடந்தும் நடந்தே திரிந்தனர். பாலடின், வார்லாக் என்னும் இரு வகுப்பார்க்கு மட்டும் ஊர்தி ஏறக்குறைய இலவசமாக வாய்த்தது. இதை அநீதி என்று உழைப்புக் கட்சியினர் கிளர்ந்தெழாதது ஏன் எனின், அவர்களுள் வார்லாக்குகளும் இருந்தமையால் என்க.

ஓய்வுப் புள்ளி என்பதும் இங்கே கருதத்தக்கது. சோதனைப் பதிப்பில், நெடுநேரம் தொடர்ந்து ஆடுவோர்க்குக் கிடைக்கும் புள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டபோது ஆடுவோர் கொதித்தனர். நிறுவனமான ப்ளிஸார்டு, பாதியை முழுமை என்றும், முன்பு முழுமையாக இருந்ததை ஓய்ந்திருந்தவர்க்குக் கிடைக்கும் இரட்டிப்பு என்றும் அறிவித்தது. கணக்கு மாறாதிருக்க, கொதிப்பு மட்டும் அடங்கிற்று. அன்று முதல், பாத்திரத்தைச் சத்திரத்தில் கிடத்திவிட்டுத் தாமும் உறங்கச் சென்று மறுநாள் இரட்டைப் புள்ளி பெறுவோர், அதனையும் தம் உழைப்பின் கணக்கிலேயே எழுதி வருகின்றனர்.

2008இல் வந்த ராத் ஆஃப் தி லிச் கிங் என்னும் விரிவாக்கம் ஏர்லூம் எனப்படும் குலச்சொத்தைக் கொணர்ந்தது. உச்ச லெவல் பாத்திரம் ஈட்டி, தன் உடைமையாளரின் குட்டிப் பாத்திரத்துக்கு அஞ்சலில் அனுப்பிய இப்படைக்கலங்கள் அணிபவரோடு சேர்ந்து வளரும். அக்காலத்தில் தோள்கவசம் அனுபவப் புள்ளியை 10 சதவீதம் கூட்டியும் தந்தது. அதே விரிவாக்கத்தில் வந்த டெத் நைட் என்னும் வகுப்பினன் அப்போது 55ஆம் லெவலிலேயே பிறந்தான். ஆயினும் அவனைப் படைக்க, ஆடுபவரிடம் ஏற்கெனவே 55ஐ எட்டிய பாத்திரம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தொடக்கத்தில் விதி இருந்தது. மூத்தவன் பட்ட பாட்டுக்கு இளையவன் பெறும் கூலி என்று இதற்கு அமைதி கூறி, உழைப்புக் கட்சியினர் பெருமளவில் ஏற்றுக்கொண்டனர்.

2014இல் 90ஆம் லெவலை 60 டாலருக்கு நிறுவனம் நேரடியாக விற்கத் தொடங்கியபோதுதான் பூசல் முற்றியது. விலை ஏன் இவ்வளவு எனின், குறைத்தால் உழைத்து ஏறியோரின் சாதனை மதிப்பிழக்கும் என்று நிறுவனத்தார் விடை தந்தனர். சாதனையின் மதிப்பைக் காக்க அதையே விலைக்கு விற்கும் இந்நெறி வேறு எந்தச் சாத்திரத்திலும் எளிதில் காணக்கிடைப்பதன்று. 2020இல் லெவல்கள் சுருக்கப்பட்டு 120இல் இருந்தோர் 50க்கு இறக்கப்பட்டபோது, வியர்வை சிந்தி வந்தவரும் காசு கொடுத்து வந்தவரும் ஒரே வரிசையில் நின்றனர்.

பழைய கடுமையே வேண்டும் என்றோர்க்காக 2019இல் கிளாசிக் பதிப்பு திறக்கப்பட்டது. அங்கே அப்போது குலச்சொத்து இல்லை, விற்பனை இல்லை; ஆகவே ஆடுவோரே சந்தையை உண்டாக்கினர். மேஜ் எனப்படும் உயர்லெவல் மந்திரவாதி ஒருவர் ஸ்டாக்கேட் சிறைக்குள் கைதிகளை மொத்தமாகத் திரட்டிப் பனிமாரியால் வீழ்த்த, பொன் கொடுத்த குட்டிப் பாத்திரங்கள் வாயிலருகே சும்மா நின்று லெவல் பெற்றன. கொடுத்தவரும் பெற்றவரும் கடுமையை நாடி வந்தவர்களே. 2021இல் நிறுவனமும் கிளாசிக்கிலேயே 58ஆம் லெவலை, கணக்கு ஒன்றுக்கு ஒன்று வீதம், விற்றது. ஆனால் அவ்வாண்டு கிளாசிக்கில் வெளியான விரிவாக்கத்தில் புதிதாக வந்த பிளட் எல்ஃப், டிரனை ஆகிய இரு குலத்தாருக்கு மட்டும் அது செல்லாது, அவர்கள் ஒன்றிலிருந்து நடந்தே வர வேண்டும் என்று விதித்தது.