மணலிப் பகுதியில் 'சுயகூரை நோக்கு': செல்போன் மேப் பயன்பாடு குறித்த ஓர் ஆய்வு

வழி தெரியாதவனுக்கு வழி காட்டத்தான் வரைபடம் என்று அறிஞர்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். வடசென்னையின் மணலி மார்க்கெட் பக்கம் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படி நம்பியிருக்க மாட்டார்கள். அங்கே செல்போனில் மேப்பைத் திறந்து இரண்டு விரலால் விரித்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எங்கும் போகிற உத்தேசமே கிடையாது. பிறந்து வளர்ந்த ஊரில், கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு போய்ச் சேருகிற தெருவில் உட்கார்ந்துகொண்டு, அதே தெருவை மேப்பில் தேடுகிறார்கள். தேடி, அதில் தம் வீட்டு மொட்டைமாடியைக் கண்டதும் முகம் மலர்கிறது. உடனே பக்கத்தில் இருப்பவர் மூக்குக்கு நேரே போனை நீட்டுகிறார்கள். உலகம் முழுவதையும் காட்டுகிற கருவி கையில் இருக்க, மனிதன் முதலில் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கும் இந்தச் செய்கைக்கு இக்கட்டுரை 'சுயகூரை நோக்கு' என்று பெயரிடுகிறது.

ஆய்வு முறை பற்றிச் சுருக்கமாக: மாதிரி அளவு, பெஞ்சில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை. ஒப்பீட்டுக் குழுவாகப் பட்டன் போன் வைத்திருந்த ஒருவரைச் சேர்த்திருந்தோம்; அவர் டீயைக் குடித்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டார். நிதியுதவி எதுவும் இல்லை, டீக்கு அவரவர் காசு.

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் ஆய்வுக் கட்டுரை நிறைவு பெறாது என்பதால் பரங்கிமலைக்குப் போவோம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே நூறடிச் சங்கிலி ஒன்றைத் தரையில் நீட்டி, இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலையைத் தொடங்கினார். முதல் அடிக்கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல். அதை அளந்து முடிக்க 57 நாள் ஆனது. கோணம் பார்க்க அவர் வரவழைத்த தியோடலைட் அரை டன் எடை. அது வந்த கப்பலை நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். இன்று அதே ஏழரை மைலை மணலிவாசி ஒருவர் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு அரை நொடியில் கடக்கிறார், அதுவும் மறு கையில் வடையோடு. லாம்டன் 57 நாளும் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கவில்லை என்பது அவர் காலத்துக் கருவியின் குறையே.

விரல் விரிகிறபோது உள்ளே நடப்பது பெரிய கணக்கு. இணைய மேப்பில் உலகம் முதலில் ஒரே ஒரு சதுர ஓடு. ஒரு படி விரித்தால் நான்கு ஓடு, அடுத்த படியில் பதினாறு, ஒவ்வொரு படிக்கும் நான்கு மடங்கு. பதினெட்டாவது படிக்கு வரும்போது உலகத்தை நிரப்ப வேண்டிய ஓடுகள் சுமார் 6,872 கோடி. அந்தப் படியில், மணலி இருக்கும் அட்சரேகையில், திரையின் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் குறுக்கே இரண்டு புள்ளி. மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்திருக்கும் ஆள் நீளவாக்கில் மூன்று புள்ளி, குறுக்கே ஒன்று. அதாவது 6,872 கோடி ஓட்டில் நம் வீடு இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்து வா என்று சொல்லி, வந்ததும் நாம் கேட்கும் கேள்வி, "கொடியில காயுறது என் லுங்கியா?"

இந்தப் பயணத்தில் முதல் இடறல் தேடல் கட்டத்திலேயே வருகிறது. ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரை அடித்தால் மேப் நம்மை இமாச்சலப் பிரதேசத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில், ஆப்பிள் தோட்டத்துக்கும் தேனிலவு ஓட்டலுக்கும் நடுவே இறக்கிவிடும். ஆங்கிலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே எழுத்து. தமிழில் அடித்தால் இந்தக் குழப்பம் தீரும், ஆனால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மணலி எதிரே வந்து நிற்கக்கூடும்; விவசாயிகள் தலைவர் மணலி கந்தசாமியின் ஊர் அது. மூன்றில் நம்முடையதுதான் சுத்திகரிப்பு ஆலை உள்ள மணலி என்பதை மேப் தானாக ஊகிப்பதில்லை. இதற்கு வருத்தப்படத் தேவையில்லை. மூன்றில் பனி பெய்கிற ஊரை உலகம் முதலில் நினைப்பது இயல்பு.

இனி முதன்மைத் தரவு. சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும், அங்கே ஒப்பந்த வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவரும் ஒரே போனைப் பார்த்தபடி பேசியது:

"அண்ணே, இதுவா உங்க வீடு?"

"ஆமாம்பா. மாடியில ஷீட்டு போட்டிருக்கு பாரு. போன புயல்ல அது பிச்சிக்கினு போயிடுச்சி. இதுல இன்னும் கீது."

"அப்ப இது பழைய போட்டோண்ணே."

"இருக்கட்டும்பா. ஷீட்டு நல்லாத்தானே கீது."

இந்த உரையாடலின் கோட்பாட்டு முக்கியத்துவத்தை மிகைப்படுத்த முடியாது. மேப்பில் வரும் செயற்கைக்கோள் படம் நேரலை கிடையாது. சாதாரணமாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பழையது. நேற்றைய கூரையை இன்றைக்குப் பார்க்கிறோம் என்பது பெரியவருக்கும் தெரியும். ஆனால் பறந்துபோன ஷீட்டு எங்கோ ஓர் இடத்தில் முழுசாக இருக்கிறது என்கிற ஆறுதலை எந்த நிவாரணத் தொகையும் அவருக்குத் தந்ததில்லை.

பெண்களிடத்தில் சுயகூரை நோக்கு வேறு விதமாக இயங்குகிறது. சின்ன சேக்காட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்ணிடம் போனைக் கொடுத்தால் விரல் சேக்காட்டில் நிற்பதில்லை. செய்யாறோ சீர்காழியோ, அம்மா வீடு எங்கே இருக்கிறதோ அங்கே நேரே போய் நிற்கிறது. தென்னை மரத்தை வைத்துக் கூரையை அடையாளம் காண்கிறார்கள். புகுந்த வீட்டுக் கூரையைக் காட்டியபோது, "அதத்தான் தெனம் பெருக்குறேனே" என்று பதில் வந்தது. மாமியார் வீட்டுக் கூரையைத் தேடிப் பார்த்த ஆண்மகன் ஒருவரும் ஆய்வில் அகப்படவில்லை.

கூரையைப் பார்த்து முடித்தவர் செய்யும் அடுத்த காரியம் விரலை லேசாகத் தள்ளிவிடுவது. மணலியில் எந்தப் பக்கம் தள்ளினாலும் சிறிது நேரத்தில் வெள்ளை வட்டங்கள் வரும். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி, 1969-இல் உற்பத்திக்கு வந்து, 2000-இல் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறிய ஆலையின் தொட்டிகள் அவை. மேப் புதுப் பெயரைத்தான் சொல்கிறது. பெஞ்சு இன்னும் எம்.ஆர்.எல். என்றே சொல்கிறது. அந்த வட்டங்களை நன்றாக விரித்தால் சிலவற்றுக்குள் பிறை வடிவில் ஒரு கறுப்பு தெரியும். கச்சா எண்ணெய்த் தொட்டிகள் பலவற்றுக்குக் கூரை மிதக்கும் கூரை. எண்ணெய் இறங்க இறங்கக் கூரையும் இறங்கும், சுற்றுச்சுவரின் நிழல் அதன் மேல் நீளும். பிறை பருத்திருந்தால் எண்ணெய் குறைவு, மெலிந்திருந்தால் தொட்டி நிறைவு. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் உலகம் முழுக்க உள்ள தொட்டிகளின் இந்தப் பிறையை அளந்து, எந்த நாட்டில் எவ்வளவு எண்ணெய் இருப்பு என்று கணக்குப் போட்டு வியாபாரிகளுக்கு விற்கின்றன. பெரியவர் இதைக் கேட்டு அதிசயிக்கவில்லை. தொட்டி மேல் ஏறி டேப்பு விட்டு அளந்தவர் அவர். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அவ்ளோ பெரிய டேங்குல எவ்ளோ இருக்குன்னு தெரியுதுல்ல? என் வீட்டு சின்டெக்ஸ்ல தண்ணி இருக்கா, சொல்லச் சொல்லு." சின்டெக்ஸுக்கு மூடி உண்டு, மிதக்கும் கூரை கிடையாது. அறிவியல் இங்கே கைவிரிக்கிறது. மோட்டார் போட்டுவிட்டு மாடிக்குப் போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதே இன்றளவும் நம்பகமான முறை.

சுயகூரை நோக்கில் சேராத ஒரு வகையினரும் இவ்வட்டாரத்தில் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் மணலி, மாதவரம் பக்கத்து கண்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே ஓடும் ட்ரெய்லர் டிரைவர்கள் அவர்கள். இவர்கள் உண்மையிலேயே வழி பார்க்கிறார்கள். ஆகவே மேப் இவர்களை அலைக்கழிக்கிறது. இருசக்கர வண்டிக்கென்று தனி வழி காட்டும் வசதியைக் கூகுள் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் கொண்டுவந்தது. நாற்பதடி கண்டெய்னருக்கு அப்படி ஒரு பொத்தான் கூகுள் மேப்பில் இல்லை. கார் என்று நினைத்து அது ஒரு சந்தைக் காட்ட, டிரைவர் நம்பித் திரும்ப, அப்புறம் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க ஒரு தெருவே வெளியே வந்து "வா வா வா, லெஃப்ட்டு ஒடி, நிறுத்து" என்று சொல்ல வேண்டியதாகிறது. ஓரமாக அணிவகுத்து நிற்கும் ட்ரெய்லர்களால் எக்ஸ்பிரஸ் சாலை மேப்பில் சிவப்பாகத் தெரிவதைப் பற்றி நம்மிடம் ஒரு கருதுகோள் உண்டு. 2020-இல் ஜெர்மன் கலைஞர் சைமன் வெக்கர்ட் 99 செல்போனை ஒரு கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் மெல்ல இழுத்துப் போக, காலியாகக் கிடந்த சாலையை மேப் நெரிசல் என்று சிவப்பாக்கியது. நம்மூரில் கேபினில் போனைப் போட்டுவிட்டுத் தூங்கும் டிரைவர்கள் இதே கலைப்பணியை விளம்பரமில்லாமல் செய்துவருகிறார்களா என்பது ஆராயத்தக்கது. ஆனால் பெர்லினில் சாலை காலி. இங்கே நெரிசலும் நிஜம்.

வழி கேட்பவர்களிடம் காணப்படும் துணைநிகழ்வு 'நீலப்புள்ளிப் பிரதட்சிணம்'. ஆண்டார்குப்பம் செக்போஸ்ட் பக்கம் இறங்குகிற வெளியூர்க்காரர் போனைக் கையில் ஏந்தி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுவார். செயற்கைக்கோள் சமிக்ஞை நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதைப் போனுக்குள் இருக்கும் காந்த உணரிதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் பெரிய இரும்பு இருந்தால் அந்த உணரி தடுமாறும். கண்டெய்னரும் குழாயும் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டும் உள்ள வட்டாரத்தில் வடக்கு எது என்று ஒரு போன் குழம்புவது அதன் குற்றமில்லை. பத்தடி நடந்து பார்த்துப் புள்ளி நகரும் திசையை வைத்துத் திருத்திக்கொள்வதே சரியான வழி. அல்லது பக்கத்தில் பூ விற்கும் அம்மாவிடம் கேட்கலாம்: "நேரா போப்பா, ரெண்டு கேட்டு தாண்டுனா எம்.எஃப்.எல். ஸ்டாப்பு, அங்க கேளு." இந்த வாய்மொழி வழிகாட்டி ஒருபோதும் முழுப் பாதையையும் சொல்வதில்லை, அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிறது. சார்ஜும் தேவையில்லை.

இந்த வட்டாரத்துக்கு மேப்பை உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்ததற்குச் சிரிப்பில்லாத காரணமும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தைக் கடலோர மண்டலப் பாதுகாப்புக்குள் காட்டும் வரைபடத்துக்கு 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பின்னாளில் அரசுத் தரப்பிலிருந்து வெளிவந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணோம். 2017-இல் சூழலியல் ஆர்வலர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மீனவர்கள் இறால் தடவுகிற தண்ணீரை ஒரு தாள் தரையாக்கிவிட்டது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. யார் எதை வரைந்தாலும், அதில் நீர் நீராகவும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடம் சாம்பலாகவும் தெரியும். வீட்டுக் கூரையிலிருந்து விரலைக் கிழக்கே தள்ளிய மணலிவாசி, தன் தாத்தா கால்வாய் என்று சொன்ன இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு பயனுக்காகவே அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

மேப்பின் தீராத குறை கொசஸ்தலை ஆற்றில் இருக்கிறது. சாதாரண மேப்பில் அது மே மாதத்திலும் அதே நீலக் கோடு, பூண்டி ஏரியிலிருந்து உபரி நீர் திறந்த டிசம்பரிலும் அதே நீலக் கோடு. 2015 வெள்ளத்தில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்துத் தண்ணீர் நின்ற தெருக்களைச் சென்னைவாசிகள் தாங்களே ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறித்தார்கள். ஆறு எங்கே ஓடுகிறது என்று அன்றைக்குச் சரியாகச் சொன்னது அந்தப் படம்தான். 2021 நவம்பரில் மணலி புதுநகரிலும் சடையங்குப்பத்திலும் ஆறு மறுபடி வீட்டுக்குள் வந்தது. அத்தகைய நாள்களில் சுயகூரை நோக்கு அறவே நிகழ்வதில்லை என்பது இவ்வாய்வின் உறுதியான முடிவு. எல்லோரும் கூரை மேலேயே நிற்கிறார்கள். கரண்ட் போய்விட்டபடியால் போனில் சார்ஜும் இருப்பதில்லை.