மேசைக்கு அடியில் குண்டு

கே: சஸ்பென்ஸ், சர்ப்ரைஸ் இரண்டும் ஒன்றுதானே? (நாமக்கல்)

ப: யாருக்கும் தெரியாமல் மேசைக்கு அடியில் குண்டு வெடித்தால் அதிர்ச்சி 15 விநாடி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் தவிப்பு 15 நிமிடம். த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் சொன்ன கணக்கு இது. குண்டு ஒன்றுதான், லாபம் 60 மடங்கு!

கே: 'சைக்கோ' குளியலறைக் காட்சியில் அப்படி என்ன விசேஷம்? (தென்காசி)

ப: 78 கேமரா கோணங்கள், 52 வெட்டுகள். ரத்தம், சாக்லேட் சிரப். கறுப்பு-வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றிருந்தார் ஹிட்ச்காக். பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. வயலின்களை வைத்தே குத்திவிட்டார். கேட்டபின் ஹிட்ச்காக்கே மனம் மாறினார். சொல்பேச்சு கேட்காத இசையமைப்பாளர் வாழ்க!

கே: படத்துக்குப் பத்து நிமிஷம் லேட்டாகப் போனால் குடியா முழுகிவிடும்? (ஆவடி)

ப: 1960-இல் 'சைக்கோ' ஆரம்பித்தபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கறார். நாயகி பாதியிலேயே காலி. தாமதமாக வந்தவர் கடைசிவரை அவளைத் தேடிக்கொண்டல்லவா உட்கார்ந்திருப்பார்?

கே: 'ஜாஸ்' படத்தில் சுறா ஏன் அவ்வளவு நேரம் கழித்து முகம் காட்டுகிறது? (தூத்துக்குடி)

ப: எந்திரச் சுறா கடல் தண்ணீரில் மக்கர் பண்ணியது. ஸ்பீல்பெர்க் மஞ்சள் பீப்பாய்களையும் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்களையும் வைத்தே பாதிப் படத்தை ஓட்டினார். கால்ஷீட் சொதப்பிய நடிகரால் படம் பிழைத்தது அபூர்வம்.

கே: சத்தம் போட்டு நம்மைத் தூக்கிவாரிப்போட வைப்பதை யார் ஆரம்பித்தது? (மன்னார்குடி)

ப: 1942, 'கேட் பீப்பிள்'. இருட்டில் ஒருத்தி தனியே நடக்கிறாள். சிறுத்தை பாயப்போகிறது என்று நாம் நடுங்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்கிறது பஸ். தயாரிப்பாளர் பெயரால் அந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர். இன்றைய இயக்குநர்களே, நீங்களும் எத்தனை நாள்தான் அதே பஸ்ஸில் போவீர்கள்? இறங்குங்கள்.

கே: நம்மவர்கள்? (மதுரை)

ப: எஸ். பாலசந்தர். 'அந்த நாள்', 1954. எடுத்த எடுப்பிலேயே சிவாஜியைச் சுட்டுவிட்டார். 'சைக்கோ'வுக்கு ஆறு வருஷம் முன்னால்! படத்தில் பாட்டே கிடையாது. வீணை பாலசந்தர் என்று உலகம் கொண்டாடியவரும் அவரேதான். பாட்டு வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் சங்கீதம் தெரிந்தவருக்குத்தான் வரும்.

கே: 'சஸ்பிஷன்' படத்தில் கேரி கிராண்ட் பால் டம்ளரோடு மாடி ஏறுகிறார். டம்ளரைவிட்டுக் கண் நகரவே இல்லையே? (ஈரோடு)

ப: எப்படி நகரும்? பாலுக்குள் பல்பு எரிகிறது!