மாமாவின் லென்ஸும் மாமியின் 916உம்

மாட்டுங்கா மாமா ஆயுளில் ஒரு பீடியைக்கூடப் பற்ற வைத்ததில்லை. ஆனால் அவர் வீட்டு ஷோகேஸில் வரிசையாகப் புகையிலை பைப்புகள். வங்கியில் காலமெல்லாம் ஊரார் கையெழுத்தைச் சரிபார்த்தவர். ஓய்வு பெற்றதும் சரிபார்க்க எதுவுமில்லாமல் கை துறுதுறுத்தது. பழைய பைப்புகளில் செய்தவர் அடித்த முத்திரைகள் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தன.

வெள்ளிக்கிழமைகளில் மாமி பூ வாங்கக் கிளம்ப, மாமா மும்பை சோர் பஜாருக்குக் கிளம்புவார். அன்று நிரந்தரக் கடைகள் பலவும் மூடியிருக்கும்; தெருவில் பழைய சாமான்களை விரித்துப் போட்டிருப்பார்கள். அங்கே முக்கியமான தெருவின் பெயர் மட்டன் ஸ்ட்ரீட். அதை வீட்டில் சொல்ல முடியுமா? "முகமது அலி ரோடு பக்கம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"அங்கிள், டன்ஹில்! வெள்ளைப் புள்ளி தேகோ, ஏக்தம் ஒரிஜினல்!"

வியாபாரிகள் எல்லாரும் அந்தப் புள்ளியைத்தான் காட்டுவார்கள். மாமா அதைக் கண்டுகொள்வதே இல்லை, அதுவே சரி. லண்டன் டியூக் தெருவில் 1907இல் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், வாயில் வைக்கும் தண்டின் மேற்புறம் எது என்று தெரிவதற்காக வைத்த அடையாளம் அது. ஒரு துளையும் துளி வெள்ளைப் பிளாஸ்டிக்கும் இருந்தால் எந்தப் பைப்புக்கும் பொட்டு வைத்துவிடலாம். உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. 'மேட் இன் இங்கிலாந்து' என்ற வரியின் கடைசியில், எறும்பு மாதிரி ஒரு எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பைப் பிறந்த வருஷத்தின் குறி. அதிலும் ஒரு சிக்கல்: 5 என்றால் 1925ஆகவும் இருக்கலாம், 1955ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம். காப்புரிமை எண் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1950களின் நடுவோடு அதை அடிப்பது நின்றுபோனது. வியாபாரி ஷூ பாலிஷ் போட்டு மெருகேற்றியிருந்தால் இந்த வாக்குமூலம் பாதி அழிந்திருக்கும். அப்போது மாமா டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நிழலை வைத்து எழுத்துக் கூட்டுவார். சுற்றி நிற்பவர்கள் இவரைக் கண் டாக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டன்ஹில்லிலிருந்து பிரிந்து 1919இல் தனிக்கடை போட்ட ஜோயல் சசீனி, ஒரு புள்ளியில் ஆரம்பித்து நாலு புள்ளிக்குப் போனார். இதை மாமா ஒரு நாள் ஆசையாக விளக்கினார். "நாலு புள்ளின்னா கோலம் ரொம்பச் சின்னதா வருமேன்னா" என்றாள் மாமி.

மாமாவுக்கு உயிர் டப்ளின் பீட்டர்சன்தான். அந்தப் பைப்பைப் புரட்டினால் அயர்லாந்தின் அரசியலே வரும். 1922இல் ஐரிஷ் சுதந்திர நாடு, 1937 அரசியல் சட்டத்தோடு 'ஏரே', 1949இல் குடியரசு. நாடு பெயர் மாற மாற, பைப்பின் முத்திரையும் பின்னாலேயே மாறியது. 1995க்குப் பிறகு கிங்ஸ் சர்க்கிள் கடைப் பலகைகளில் பம்பாயை அழித்து மும்பை எழுதிய பெயின்டர்களுக்கு இது புரியும்.

போன மாதம் ஒரு பீட்டர்சன் கிடைத்தது. கழுத்தில் பளபளக்கும் பட்டை, அதில் 'கே அண்ட் பி' என்ற கம்பெனி எழுத்து, பக்கத்தில் மூன்று சின்னங்கள். "தீன் சாப், அங்கிள்! சாந்தி!" என்று வியாபாரி வெள்ளி விலை சொன்னான். மாமா லென்ஸை எடுத்தார். மூவிலைச் செடி, வேட்டை நாய், வட்டக் கோபுரம். டப்ளினில் சோதித்த வெள்ளி என்றால் கிரீடம் வைத்த யாழும், உட்கார்ந்திருக்கும் ஹைபர்னியா அம்மனும் இருக்க வேண்டும். நாயும் கோபுரமும் நிக்கல் பட்டையில் அழகுக்கு அடித்தவை. பார்ப்பவர் வெள்ளி என்று நினைத்துக்கொண்டால் கம்பெனிக்கு ஒன்றும் வருத்தமில்லை. உண்மையான முத்திரைகளிலும் விசித்திரம் இல்லாமல் இல்லை. 1773இல் சோதனைச் சாலை வந்த பர்மிங்காமுக்குக் கடலே கிடையாது, ஆனால் முத்திரை நங்கூரம்! மாமா நிக்கல் விலைக்கே வாங்கி வந்தார்.

மாமியிடம் பெருமையடித்தார். மாமி தன் வளையலின் உட்புறத்தைக் காட்டினாள்: பிஐஎஸ் முக்கோணம், 22 காரட்டுக்கு 916, 2021இல் வந்த ஆறெழுத்து அடையாளக் குறி. லென்ஸ் இல்லாமல் படிப்பாள், பேரமும் பேசுவாள். அவளுக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். செய்தவன் பெயரை எதற்குப் போட வேண்டும்? அவள் பரணில் இருக்கும் அண்டா, அடுக்கு, தூக்கு எதிலும் செய்தவன் பெயர் கிடையாது. கல்யாணத்துக்குக் கொடுத்த அத்தை பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எந்தத் தூக்கு யார் வீட்டிலிருந்து வந்தது, யார் வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதற்கெல்லாம் அதுதான் சாட்சி. சரித்திர ஆதாரம் என்ற வகையில், எறும்பு எண்ணை விட இது மேல் என்றே சொல்ல வேண்டும்.

"உங்க பேரை வெட்டி வைங்கோ. செம்பூர்லேர்ந்து மாப்பிள்ளை வந்தா ஒண்ணொண்ணாக் காணாமப் போறது."

தாராவி 90 அடி ரோட்டில், திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய பாத்திரக் கடைக்கு மாமா பைப்பைக் கொண்டுபோனார். கடைக்காரர் வெட்டும் மெஷினை ஆன் செய்துவிட்டு, பட்டையைத் திருப்பிப் பார்த்து, உடனே ஆஃப் செய்தார்.

"கே.பி.ன்னு ஏற்கெனவே பேரு வெட்டியிருக்கே சார். யாரு வீட்டுச் சாமான் இது?"