கயிறு யார் கையில்?

தமிழ்நாட்டு முதலமைச்சருக்கே சுதந்திர தினத்தில் கொடியேற்றும் உரிமை கிடைக்க 27 வருஷம் ஆனது. அதுவரை கோட்டையில் கயிற்றை இழுத்தவர் ஆளுநர். கருணாநிதி டெல்லியோடு வாதாடி, 1974 ஆகஸ்ட் 15 அன்று கொத்தளத்தில் தானே ஏற்றினார். மாநில உரிமை வென்றது என்று இன்றுவரை மார்தட்டுகிறோம். தட்டலாம். நியாயம்தான்.

அந்த உரிமை கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்ச் சேர எத்தனை வருஷம்? 46 வருஷமாகியும் சேரவில்லை. 2020, ஆத்துப்பாக்கம் ஊராட்சி. ஓட்டு வாங்கி ஜெயித்த தலைவர். பெண். தலித். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரை விடவில்லை. செய்தி வெளியே வந்து நாறிய பிறகு கலெக்டரும் எஸ்.பி.யும் வந்து இறங்கினார்கள். சுதந்திரம் சில நாள் தாமதமாக, அதிகாரிகள் துணையோடு ஏறியது.

அப்படி என்ன பெரிய காரியம் அது? கொடிக்குள் பூவை வைத்து மடித்து, உச்சிவரை ஏற்றி, முடிச்சை யாரோ சரிபார்த்திருப்பார்கள். தலைவர் கயிற்றைச் சுண்ட வேண்டும். பூ கொட்டும். பத்து விநாடி வேலை. அந்தப் பத்து விநாடியைத்தான் ஊர்ப் பெரிய மனுஷர்களால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

2022-ல் 75-வது ஆண்டு நிறைவு. வீட்டுக்கு வீடு கொடி. கதர்தான் என்ற விதியைத் தளர்த்தி, 2021 டிசம்பரிலேயே பாலியஸ்டருக்கும் இடம் கொடுத்தாயிற்று. மொட்டைமாடியில் ராத்திரியும் பறக்கலாம். அதே 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள். தீண்டாமையை அரசியல் சட்டம் ஒழித்து 72 வருஷம் கழித்து! துணிக்கு விதி தளர்ந்தது. கயிறு பிடிக்கும் கைக்குத் தளரவில்லை.

தேசியக் கொடியை வேண்டுமென்றே தரையில் பட விட்டால் மூன்றாண்டு வரை சிறை. நல்ல சட்டம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், 2020-ல், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அது சட்டத்தின் கண்ணில் பட ஒரு போட்டோ வெளிவர வேண்டியிருந்தது.

அதனால் வருகிற ஆகஸ்ட் 15-க்கும் கொடிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வையுங்கள். கொடுத்து வைத்த துணி அது. அதைத் தரையில் உட்காரச் சொல்லும் துணிச்சல் இந்த நாட்டில் எவனுக்கும் இல்லை.